ஜூலைப் பக்கத்தின் கடைசி வரி

'தீவுமுகம்' மாத இதழில் நவமணி இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். பினாங்குத் தீவின் சூலியா தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் வரும் இரண்டு அறைதான் அலுவலகம். இதழ் அச்சுக்குப் போகும் வாரம் வந்தால் அவளுக்குக் கசக்கும். பிறந்தநாள் வாழ்த்து விளம்பரங்கள் வந்து குவியும் வாரம் அது. அரசிடம் டத்தோ பட்டம் வாங்கியவர்கள், சங்கத் தலைவர்கள், தலைவர்களின் துணைவியர் எல்லோரும் தங்கச் சட்டத்துக்குள் கைகூப்பிச் சிரிப்பார்கள். கீழே 'ஏழைகளின் இதயத்துடிப்பே', 'சமுதாயத்தின் காவல் அரணே' என்று இருக்கும். அந்த வரிகளை எழுதுவதும் நவமணிதான். பத்து வருடத்துக்கு முன் எழுதியதையே பேரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. அவரவர் தங்கள் படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்தார்கள்.

அந்தக் கசப்புக்கு அவள் வைத்துக்கொண்ட மருந்து பதினான்காம் பக்கம். 'இதே மாதத்தில்' என்பது அதன் தலைப்பு. அந்த மாதத்தில் உலகத்திலும் இந்த ஊரிலும் நடந்தவை, அந்த மாதத்தில் பிறந்த பெரியவர்கள் எல்லாம் தேதிவாரியாக வரும். ஜூலை என்றால், ஏழாம் தேதி ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. பதினைந்தில் காமராசர் பிறந்தது. பதினேழில் ஆங்கிலேயக் கப்பல்கள் பினாங்குக்கு வந்து நின்றது. இருபதில் மனிதன் நிலவில் இறங்கியது. முப்பதில் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு புத்தகங்களிலாவது சரிபார்க்காமல் போடமாட்டாள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'தொகுப்பு: நவமணி' என்று இருக்கும். இதழிலேயே அவள் பேர் வரும் இடம் அது ஒன்றுதான்.

ஜூலைப் பக்கத்தின் கடைசி வரி எந்த வருடமும் மாறாது. '31 ஜூலை 1988: பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தின் மேல்தளம் இடிந்து 32 பேர் பலி.'

அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி அவள் அக்கா காமினி.

காமினிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினால் நடக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு கிளம்பினாள். கணவன் திருநாவுக்கரசுக்குத் தொழிற்சாலையில் வேலை. மாலையில் தீவுப் பக்கத்துப் படகுத்துறையில் வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திருவிழாவிலிருந்து தீவுக்குத் திரும்பும் பெர்ரிப் படகைப் பிடிக்க, அக்கரையான பட்டர்வொர்த்தில் கூட்டம் நெருக்கியடித்தது. கூட வந்த பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். நாலு மணி தாண்டிச் சற்று நேரத்தில் மேல்தளம் சரிந்தது. இக்கரையில் நின்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆளில்லாத பெர்ரி ஒன்று வந்து சேர்ந்தபோதுதான் யாரோ சொன்னார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உடலைக் காட்டினார்கள். கடைசியில் அவளுக்கு என்ன நடந்தது, உடனே போய்விட்டாளா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்பதைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. திருநாவுக்கரசு மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் முப்பத்தாறு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறார்.

2024 ஜூன் மாத நடுவில் இதழின் முதலாளி முத்தையா அவளைக் கூப்பிட்டார்.

"நவமணி, இந்த ஜூலை முப்பத்தொன்னு நம்ம டத்தோ புவனேஸ்வரனுக்கு அறுபது. மணிவிழா. எட்டுப் பக்கம் ஸ்பெஷல் போடுறோம். உங்க பக்கத்துல அவரு பிறந்தநாள் வரணும்."

"வரட்டும் அண்ணே. எத்தனை பேரைப் போட்டாச்சு."

"அதுல்ல. அதுக்குக் கீழேயே பெர்ரி விழுந்தது, செத்தது எல்லாம் வருதுல்ல, அது வேணாம் லா. நல்ல நாள்ல எதுக்கு அபசகுனம்?"

"அந்த வரியை எடுக்கணும்னா பக்கத்தையே எடுத்துடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தாள். முத்தையா அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஒருவேளை மனிதருக்கு உறைத்திருக்கும் என்றுகூட நினைத்தாள்.

மூன்று நாள் கழித்து டத்தோவின் ஆள் ஒருவன் ஒரு கடிதத்தோடு வந்தான். வரி அப்படியே இருக்கலாமாம். அதோடு இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டுமாம். 'அன்று தமது இருபத்து நான்காம் பிறந்தநாளைக் கொண்டாட வேண்டிய இளைஞர் புவனேஸ்வரன், இடிபாடுகளுக்குள் பாய்ந்து ஆறு உயிர்களைக் காப்பாற்றினார். மேலும் பலர் அவர் மடியிலேயே உயிர் நீத்தனர்.'

நவமணி அதை இரண்டு தரம் படித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதரைப் பற்றிக் குறைந்தது நாற்பது வாழ்த்தாவது எழுதியிருப்பாள். இந்தக் கதையை ஒருநாளும் கேட்டதில்லை. உடனே அவருக்கே போன் போட்டாள்.

"டத்தோ, இந்த பெர்ரி விஷயம்... நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க? எத்தனை மணிக்கு? சரிபார்த்துப் போடணும்."

"காலையிலதானே லா நடந்துச்சு? பத்து மணி இருக்கும்."

"சாயங்காலம் டத்தோ. நாலு மணிக்கு மேல."

அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நாலு மணின்னே போடுங்கம்மா. உங்களுக்கு எழுதவா சொல்லிக் கொடுக்கணும்? நீங்க எழுதினா நல்லா இருக்கும்."

அந்தச் சிரிப்பில் கூச்சம் துளியும் இல்லை. பிடிபட்டோமே என்ற பதற்றமும் இல்லை. போனை வைத்தபின் காதில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல இருக்க, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்னொன்றும் உறைத்தது. 'நீங்க எழுதினா நல்லா இருக்கும்' என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. இத்தனை வருடமாக அவரை இதயத்துடிப்பு, காவல் அரண் என்றெல்லாம் ஆக்கியது யார்? அவள்தான். அவர் அதற்கு அடுத்த படியில் கால் வைக்கிறார், அவ்வளவுதானே.

முத்தையாவிடம் போய்ச் சொன்னாள். "பொய் அண்ணே. நடந்த நேரம்கூட அவருக்குத் தெரியல. எங்க அக்கா அங்கதான் செத்தா, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் லா. அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டு வரிதானே. யாரு போய் செக் பண்ணப் போறா?"

"நான் போடமாட்டேன்."

"சரி, விடுங்க. ஷர்மினி போட்டுக்குவா."

ஷர்மினி பக்கம் வடிவமைக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நவமணி ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். தன் கை படவில்லை என்பதே அப்போது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் இதழ் வெளிவந்த அன்று காலை எட்டு மணி வரைதான் நீடித்தது. திருநாவுக்கரசு போன் செய்தார். மாதாமாதம் தவறாமல் முதல் நாளே இதழை வாங்கிவிடுவார். பதினான்காம் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்.

"மணி, பசியாறிட்டியா? இன்னைக்கு வீட்டுக்கு வர முடியுமா?" என்றார். "புஸ்தகத்துல பார்த்தேன். நீ எழுதினதுதான்."

"நான் எழுதினதா?"

"உன் பேரு போட்டிருக்கே."

பேரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு வரிக்கு நேர் கீழே, எப்போதும்போல, 'தொகுப்பு: நவமணி.'

அவள் ஆயர் ஈத்தாமுக்குப் போனபோது அவர் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் இதழ் விரித்திருந்தது. 'அவர் மடியிலேயே உயிர் நீத்தனர்' என்ற வரிக்கு அடியில் பென்சிலால் கோடு இழுத்திருந்தார்.

"இத்தனை வருசம் ஓர் ஆளும் கிடைக்கலையே மணி. இப்ப கிடைச்சுட்டாரு. அவரு காமினியைப் பார்த்திருக்கலாம்ல?"

"அத்தான், அது பொய். நான் எழுதல. விசாரிச்சேன், அவரு அங்க இருந்ததே இல்ல."

திருநாவுக்கரசு அவளை நிமிர்ந்து பார்த்தார். "பொய்யின்னா உன் பேரு ஏன் இருக்கு? நீ பார்க்காமப் போடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அவள் எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. உனக்கு டத்தோ மேல் ஏதோ கோபம் என்றார். பெரிய மனிதர், வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தவர், நேரத்தை மறந்திருப்பார் என்று அவருக்காக இவரே வாதாடினார். முப்பத்தாறு வருடக் காத்திருப்பு அந்த இரண்டு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த வரியை நம்ப வைத்தது தன் பேர்தான் என்பது நவமணிக்கு ஒரே சமயத்தில் அழுகையையும் அருவருப்பையும் கொண்டுவந்தது.

மணிவிழாவுக்குத் தானே போய் டத்தோவைப் பார்க்கப் போவதாகத் திருநாவுக்கரசு சொன்னார். தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் கூடப் போனாள்.

பெரிய மண்டபம். வாசலில் ஆளுயர மாலைகள். உள்ளே போனதும் மேடைக்கு முன்னால் இருந்த கேக் கண்ணில் பட்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு பெர்ரி. தளத்தில் சீனியால் செய்த சின்னச் சின்ன மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு குழந்தை அதில் ஒருவனைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது. நவமணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றாள். வெண்ணெயும் ரோஜாவும் சென்ட்டும் சேர்ந்த வாடை மூக்கிலேயே நின்றது.

வாழ்த்துச் சொல்ல நின்ற வரிசையில் முக்கால் மணி நேரம் நகர்ந்து டத்தோவின் முன்னால் போனார்கள். திருநாவுக்கரசு கைகூப்பினார்.

"டத்தோ, என் பேரு திருநாவுக்கரசு. என் சம்சாரம் காமினி அன்னைக்கு அந்த பெர்ரியில... நீங்க பார்த்திருப்பீங்களோன்னு கேக்க வந்தேன். இருபத்து நாலு வயசு. இடது கன்னத்துல மச்சம் இருக்கும்."

டத்தோ ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தபோது அதில் நீர் ததும்பியது. பிறகு அவருடைய இரண்டு கையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். படம் எடுப்பவர்கள் ஓடி வந்தார்கள்.

"மறக்க முடியுமாண்ணே? என் மடியிலதான் போனாங்க. வலி இல்ல. அமைதியா போனாங்க. கடைசி மூச்சு வரைக்கும் 'திருநாவுக்கரசு, திருநாவுக்கரசு'ன்னு உங்க பேரையே சொன்னாங்க."

சுற்றி நின்ற கூட்டம் 'உச்' கொட்டியது. யாரோ கை தட்டினார்கள். நவமணி கண்ணீர் வழியும் அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

"அவ என் பேரைச் சொன்னதே இல்லீங்க" என்றார் மெதுவாக. "கிளினிக்ல புருசன் பேரு என்னன்னு கேட்டாக்கூட என் ஐசி அடையாளக் கார்டை எடுத்துக் காட்டுவா. வாயில வராது."

டத்தோ கொஞ்சமும் தடுமாறவில்லை. "உயிர் போற நேரம் வந்திருக்கும்ணே" என்று அவர் முதுகைத் தட்டினார். "சாப்பிட்டுட்டுப் போங்க. அடுத்தவங்க வரட்டும்."

திருநாவுக்கரசு தன் கைகளை உருவிக்கொண்டார். நவமணி டத்தோவை நேராகப் பார்த்து, "சீ" என்றாள். உரக்கத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள், பாட்டுச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. டத்தோவுக்குக் கேட்டது. அவர் அதற்குள் அடுத்தவரின் மாலைக்குக் கழுத்தை நீட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது அத்தான், "அமைதியா போனாங்கன்னு சொன்னப்ப நம்பிட்டேன் மணி. ஒரு நிமிசம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் என்மேலயே வெறுப்பா இருக்கு" என்றார்.

மறுநாள் நவமணி முத்தையாவிடம் திருத்தம் ஒன்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் படிக்காமலே மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். அவள் ராஜினாமாக் கடிதத்தையும் அதே மேசையில் வைத்தாள். அன்றிரவு நடந்ததெல்லாம் முகநூலில் எழுதினாள். பதினொரு பேர் படித்ததாகக் காட்டியது. ஒரே ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'டத்தோ தங்கமான மனிதர். பொறாமை வேண்டாம் சகோதரி.' செப்டம்பரில் வேறு ஒரு சங்கத்தின் மலரில் அந்த ஆறு உயிர் பன்னிரண்டாகியிருந்தது.

இப்போது அவள் ஜெலுத்தோங் பசாருக்கு எதிரே ஒரு நகலெடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். விண்ணப்பங்கள், பள்ளிக்கூடத் தாள்கள், மருத்துவ விடுப்புக் கடிதங்கள் தட்டச்சு செய்து தருகிறாள். எழுதச் சொல்லி வருகிறவர்களிடம் தேதியை ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்பதால் எரிச்சல்காரி என்று பேர் வாங்கிவிட்டாள்.

மணிவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட படம். டத்தோ கண்ணீர் ததும்பத் திருநாவுக்கரசின் கைகளைப் பிடித்திருக்கிறார். திருநாவுக்கரசும் அழுதுகொண்டிருக்கிறார், அந்த ஒரு நிமிடத்தில் எடுத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை நான்கு நாள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். பிறகு நவமணியை வரச் சொன்னார்.

அவள் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அடுக்குமாடியின் குப்பைத் தொட்டி மீன் செவுள்களும் பழைய சோறுமாக நிரம்பி வழிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு படத்தை முகம் கீழாகப் போட்டு, ஒரு கட்டையால் அழுத்தி உள்ளே தள்ளினாள். மேலே வந்தபோது அத்தான் தேநீர் போட்டு வைத்திருந்தார்.