நான்காம் மேசை அம்மீட்டர்

அந்த இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளருக்கு மாணவர்கள் சூட்டியிருந்த பெயர் ‘நகல்’. கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து, மூலையில் தேதியிட்டு, நீலக் கோப்பில் கோத்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “அண்ணன் பொறக்கும்போதே ரெண்டாப் பொறந்திருப்பாருடா. ஒண்ணு கோப்புல இருக்கு” என்று கடைசி வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். அவர் காதில் விழும். விழாதது போலப் பட்டகங்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பள்ளி இறுதித் தேர்வை எழுதாமலேயே வேலைக்கு வந்தவர். அலமாரியைத் தூசி தட்டும் நேரங்களில் செய்முறைக் கையேட்டைப் புரட்டிப் புரட்டி, தேவையானதைத் தானாகவே கற்றுக்கொண்டார். அதைப் பெருமையாக நினைத்ததில்லை. தன் வேலையில் பிறர் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பது ஒன்றே அவருடைய வைராக்கியம். அந்த வைராக்கியத்தின் மீதுதான் அடி விழுந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அப்போதிருந்த ஆசிரியர் ஒருவர் அவசரத்தில் மின்தடையை மறந்து, மின்னோட்டம் அளக்கும் ஓர் அம்மீட்டரை நேராக மின்கலத்தோடு இணைத்துவிட்டார். முள் விசுக்கென்று ஓடிக் கடைக்கோடியில் மோதியது. அன்றிலிருந்து அது பாதி தூரம் ஒழுங்காக ஏறும். பாதியைத் தாண்டியதும் சண்டிமாடு போல நின்றுவிடும். கண்ணாடியில் விரலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி நகரும். ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். ‘கவனக்குறைவு’ என்று எழுதிய மெமோ உதவியாளர் பெயருக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் விளக்கம் எழுதினார். பழுதுபார்க்கக் கோரி விண்ணப்பம் எழுதினார். அதற்கு நினைவூட்டல் எழுதினார். நினைவூட்டலுக்கும் நினைவூட்டல் எழுதினார். பதில் ஒன்றும் வரவில்லை. ஒருமுறை தலைமையாசிரியரை நேரில் பார்த்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

“மூணு வருஷமா பரீட்சை ஒழுங்காத்தானே நடக்குது? வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?”

“இல்ல சார். ஆனா அது ஏன்னா…”

“அப்போ ரிப்பேர் உங்க மனசுலதான் இருக்கு. போய் வேலையைப் பாருங்க.”

சொல்லி முடிக்கவிடாத அந்த வாக்கியத்தில்தான் உண்மை இருந்தது. அலமாரியில் நல்ல அம்மீட்டர் ஒன்று உபரியாக இருந்தது. ஒவ்வொரு தேர்வுக்கு முந்தைய மாலையும் பழுதானதை எடுத்துவிட்டு அதை மேசையில் வைப்பவர் அவரேதான். தேர்வு முடிந்ததும் பூட்டிவிடுவார். எந்தப் பிள்ளைக்கும் சேதம் வரக்கூடாதென்று அவர் செய்துவந்த அந்தக் காரியமே அவருடைய வாயை அடைத்துவிட்டது.

மணமாகாதவர். தங்கையோடும் அவளுடைய மகளோடும் இரண்டு அறை வீட்டில் வாழ்ந்தார். தங்கை கணவனை இழந்தவள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். மகள் அதே பள்ளியில் இறுதி வகுப்பு. சிறு வயதில் தாயைத் தேடிப் போகும்போதெல்லாம் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று, வெளிச்சப் பலகையில் மாட்டிய எலும்புப் படங்களை வாய் பிளந்து பார்த்தவள் அவள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர வேண்டும் என்பது அப்போதே பிடித்த பிடிவாதம். அந்தப் படிப்புக்கு இயற்பியல் மதிப்பெண்தான் வாசல்.

பள்ளியில் சலுகைப் பேச்சு எழக்கூடாதென்று மாமனும் மருமகளும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பள்ளிக்குள் அவளும் மற்றவர்களைப் போல “அண்ணே” என்பாள். தெருவுக்கு வந்ததும் “மாமா”. அவளுடைய தோழி இதை விடமாட்டாள்.

“ஏண்டி, மாமா உனக்கு அண்ணன்னா, உங்கம்மா உனக்கு யாரு?”

“அக்கா.”

“அப்போ என்னையும் சித்தின்னு கூப்பிடு. மரியாதையா இருக்கும்.”

தேர்வு நெருங்க நெருங்க வீடே ஆய்வகமாயிற்று. துணி காயவைக்கும் கயிற்றில் நூல் கட்டி, நூலில் பூட்டைத் தொங்கவிட்டு, தனி ஊசலென்று அதன் அலைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள் பெண். தாய் குனிந்து வந்தபோது பூட்டு நெற்றியில் பட்டது.

“அடியே, பரீட்சை உனக்கா, என் மண்டைக்கா?”

“அசையாம நில்லும்மா, அலைவு எண்ணணும்.”

உதவியாளர் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. அது முறையல்ல என்று ஒதுங்கியிருந்தார். எல்லா மாணவர்களிடமும் சொல்லும் ஒன்றை மட்டும் அவளிடமும் சொன்னார்: “முள்ளு காட்டுறதை எழுது. மனசு காட்டுறதை எழுதாதே.” வழக்கம்போலச் சாப்பாட்டு வேளைகளில் மெமோவின் கதையையும் சொன்னார். அவர் ஆரம்பித்தால் முடிவை அவளே சொல்லிவிடுவாள். அந்த அளவுக்கு மனப்பாடம். தன் குறையை வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னது என்ன விதையை ஊன்றியது என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

கடைசிப் பயிற்சி நாளன்று மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணே, எந்த எக்ஸ்பெரிமென்ட் வரும்?”

“எட்டு மேசை, எட்டு எக்ஸ்பெரிமென்ட். எட்டும் வரும்.”

“எனக்கு எது வரும்ணே?”

“உனக்கா? அழுகை வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த ஆய்வகத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்த கடைசி நாள் அதுவாக இருக்கலாம்.

மாலையில் தனியாக மேசைகளை ஒழுங்குபடுத்தினார். நான்காம் மேசை, ஓம் விதி. மின்கலம், மின்தடை, வோல்ட்மீட்டர், அம்மீட்டர். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஓடும் மின்னோட்டத்தைக் குறித்துப் படம் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். அலமாரிச் சாவியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். இந்த ஒரு முறை மாற்றாமல் விட்டால் என்ன?

எதையும் யோசிக்காமல் செய்பவரல்லர் அவர். தேர்வு விதிகளை வரி வரியாகப் படித்திருந்தார். கருவி பழுதென்று மாணவர் சொன்னால் மாற்றுக் கருவி தர வேண்டும். போன நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே மாணவருக்குச் சேதமில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் கண்முன் முள் நின்றுவிடும். அவர் அறிக்கையில் எழுதுவார். மூன்று ஆண்டுக் கடிதங்கள் உயிர் பெறும். தங்கை மகளுக்கே அந்த மேசை வாய்த்தால் என்ற எண்ணம் வராமலில்லை. வாய்த்தால்தான் என்ன, அவள் வாயாடி. முதல் ஆளாகக் கை தூக்குவாள் என்று தேற்றிக்கொண்டார். சாவி சட்டைப்பைக்குத் திரும்பியது.

மறுநாள் காலை சீட்டெடுக்கும் டப்பாவை அவரே நீட்டினார். அவள் எடுத்துப் பிரித்தாள். “நாலு” என்றாள். அவர் கை சட்டைப்பைச் சாவியைத் தொட்டது. அவளோ, தெரிந்த சோதனை என்ற மகிழ்ச்சியில் புருவத்தை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

தேர்வாளர் ஒரு நடுவயதுப் பெண்மணி. கறாரானவர், கொடியவரல்லர். மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தார். உதவியாளருக்கு விதிக்கப்பட்ட இடம் அலமாரியின் பக்கம். அங்கிருந்து நான்காம் மேசை நன்றாகத் தெரிந்தது. முதல் அளவீடுகளை அவள் சரசரவென்று எழுதினாள். பிறகு குனிந்து பார்த்தாள். வகுப்பில் எல்லோரும் செய்வது போலக் கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

“ஏம்மா, அது என்ன மேளமா? கருவியை ஏன் தட்டுறே?”

தேர்வாளர் அவளருகே வந்து நின்றார். ஆய்வகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சொல், சொல் என்று உதவியாளரின் மனம் அடித்துக்கொண்டது. அவள் தலையை உயர்த்தி, தேர்வாளரைத் தாண்டி, நேராக அவரைப் பார்த்தாள். ஏதோ தீர்மானித்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சும்மா மேடம். பழக்கம்.”

“கெட்ட பழக்கம். இனிமே கை படக்கூடாது. மீட்டர் சரியாத்தானே இருக்கு?”

“சரியா இருக்கு மேடம்.”

உதவியாளர் வாயைத் திறந்திருக்கலாம். நல்ல அம்மீட்டர் முதுகுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்தது. ஆனால் தன் வாயிலிருந்து வந்தால் அது உதவியாளரின் பழைய புலம்பலாகிவிடும், மாணவர் வாயிலிருந்து வந்தால்தான் மதிப்பு என்று, அந்தக் கணத்திலும் அவருடைய மனம் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. தேர்வாளர் அவளருகிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார். அவள் மறுபடி தட்டவில்லை. முள் நின்ற இடத்தை எழுதினாள். அடுத்ததற்கும் அதையே எழுதினாள். முள் காட்டியதை எழுதினாள். வரைபடத்தின் கோடு பாதியில் முறிந்து சாய்ந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் அந்த அம்மீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு தேர்வாளர் முன் போய் நின்றார்.

“மேடம், இது பழுது. பாதிக்கு மேல நிக்கும். அந்தப் பொண்ணு அளவு தப்பு இல்ல, மீட்டர்தான் தப்பு.”

தேர்வாளர் தாமே இணைத்துப் பார்த்தார். முள் நின்றது.

“அந்தப் பொண்ணு சரியா இருக்குன்னுல்ல சொன்னா? சரி, வேற மீட்டர் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எங்கே?”

அவர் அலமாரியைக் காட்டினார்.

“அப்போ ஏன் மேசையில வைக்கல?”

அவர் அம்மீட்டரின் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினார். தேர்வாளர் தாளைப் புரட்டி, பெயரைப் பார்த்துவிட்டு, சற்றுத் தணிந்த குரலில் கேட்டார்: “உங்களுக்குச் சொந்தமா?”

“தங்கச்சி பொண்ணு.”

“நடக்கும்போது சொல்லியிருந்தீங்கன்னா நானே மாத்திக் குடுத்திருப்பேன். இப்போ சொன்னா, சொந்தக்காரப் பொண்ணுக்காகச் சொல்றதாத்தான் ஆகும். மார்க்குல நான் கை வைக்க முடியாதுங்க.”

அவர் விரும்பியபடியே அறிக்கையில் எழுதப்பட்டது. அம்மீட்டர் பழுது; மாற்றுக் கருவி இருந்தும் வைக்கப்படவில்லை. சில வாரங்களில் இரண்டாவது மெமோ வந்தது. அதே சொல், கவனக்குறைவு. இம்முறை அவர் விளக்கம் எழுதவில்லை. நகலும் எடுக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. பழுதான அம்மீட்டரை மட்டும் பள்ளிக்கூடம் ஒரே நாளில் ஆள் அனுப்பிச் சரிசெய்துவிட்டது.

முடிவுகள் வந்தன. எழுத்துத் தேர்வில் அவள் நன்றாகவே எழுதியிருந்தாள். செய்முறையில் விழுந்த பள்ளத்தை அது முழுவதும் மூடவில்லை. எக்ஸ்ரே படிப்புக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போனவள், திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தாய் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, உங்களுக்கு மெமோ வந்திருக்காமே? ஆபீஸ்ல பேசிக்கிறாங்க.”

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

“நான் வாயையே திறக்கலையே மாமா! மீட்டர் நிக்குதுன்னு சொன்னா மறுபடி உங்க தலையிலதானே விழும்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதினேன். அப்புறம் எப்படி வந்துச்சு?”

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. அதற்கு அவள் முகமே இடம் கொடுத்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் முடியவில்லை. நல்ல அம்மீட்டர் உள்ளே இருந்ததை, ஒவ்வோர் ஆண்டும் மாற்றி வைத்ததை, இந்த ஆண்டு வேண்டுமென்றே மாற்றாததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். யாருக்கோ அந்த மேசை விழும் என்று நினைத்ததையும் சொன்னார். சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது: அந்த யாரோவும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

“நீ கை தூக்குவேன்னு நினைச்சேன்மா.”

அவள் அழவில்லை, கத்தவில்லை. சான்றிதழை உறைக்குள் மெதுவாகத் தள்ளினாள்.

“சரிங்கண்ணே” என்றாள்.

உள்ளிருந்து தாயின் சிரிப்புச் சத்தம் கேட்டது. “அடியே, பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சுடி. இன்னும் என்ன அண்ணே?”

பெண் அறைக்குள் போனாள். நூலில் கட்டிய பூட்டு இன்னும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தோள் பட்டு அது ஆடியது. அது நிற்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.