அந்தோனிதாசனின் போனில் இடமில்லை

தன் தமையனின் குரலை அந்தோனிதாசன் தின்றுவிட்டான் என்றுதான் தேவராசா சொல்வான். அழித்துவிட்டான் என்று சொல்ல மாட்டான். யாருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையிலாவது அந்தப் பெயர் அடிபட்டால் பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவான். கோயில் திருவிழாவில் அந்தோனிதாசன் ஒரு பக்கம் நின்றால் இவன் மறு பக்கம். வருசக்கணக்காக இப்படித்தான். அந்தோனிதாசன் எஸ்பியர்க் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உன்னை வரச் சொல்கிறான் என்று சேதி வந்தபோது, டென்மார்க்கின் இன்னொரு ஊரான ஹேர்னிங்கிலிருந்து அவன் காரை எடுத்தது இரக்கத்தில் இல்லை. ஒருவேளை அழித்துவிட்டேன் என்று அந்த மனுசன் சொன்னது பொய்யாக இருந்தால்? அண்ணையின் குரல் இன்னும் அந்தப் போனுக்குள் எங்காவது கிடந்தால்? அந்த ஒரு நப்பாசைதான்.

அந்தோனிதாசன் மன்னார்ப் பக்கத்து ஆள். எஸ்பியர்க்கில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. மனைவி நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட, மகள் ஸ்ரெபானியைத் தனியாக வளர்த்தான். அவளின் முதல் நற்கருணையைப் படம் எடுக்கவென்று, ஊர்ச் சனத்தில் முதல் ஆளாகத் தொடுதிரைப் போன் வாங்கினான். "மீன் நாத்தக் கையாலை கண்ணாடியைத் தடவுறான், பார்" என்று கோயில் வாசலில் நக்கல் அடித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.

அடுத்த வருசம் யுத்தத்தின் கடைசி மாதங்கள். வன்னிக்குள் அகப்பட்ட சனத்துக்கு ஒன்றிரண்டு சற்றலைட் போன்கள்தான் வெளியுலகம். வரிசையில் நின்று, ஒரு நிமிசம் கிடைத்தால் பெரிய காரியம். ஒவ்வொருவரும் தன் தன் சொந்தத்துக்கு அடிக்க நேரமில்லை. டென்மார்க்கில் ஒரு நம்பருக்கு அடித்து எல்லோருக்கும் சொல்லிவிடச் சொல்வார்கள். அந்த நம்பர் அந்தோனிதாசனுடையதாகிப் போனது, மனதில் நிற்கிற நம்பர் என்பதால்.

அவன் அழைப்புகளைப் போனிலேயே பதிந்தான். எழுதி மாளாது, காதால் கேட்டதை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயம். அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. அழைப்பு வந்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டான். தான் வாய் திறந்தால் அந்தச் சனத்தின் நேரம் போகும் என்று "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்வான். பிறகு உரியவர்களுக்குச் சொல்லி அனுப்புவான். அவர்கள் ஹேர்னிங்கிலிருந்தும் ஹ்விடோவ்ரேயிலிருந்தும் காரில் வந்து, மீன் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டு அழுதுவிட்டுப் போவார்கள்.

தேவராசாவும் அங்கே நின்றுதான் கேட்டான். "அந்தோனியண்ணை, நான் நானாட்டான் அல்பேட். தம்பி தேவராசாவுக்குச் சொல்லுங்கோ, நாங்கள் இருக்கிறம். அங்கை பயங்கரக் குளிராம், காதை மூடிக்கொண்டு போகச் சொல்லுங்கோ." பின்னால் என்னவோ வெடிக்கிற சத்தம். அத்தோடு முடிந்தது. தேவராசா திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். அந்தோனிதாசன் வேலைக்கு மணி அடித்தும் போகாமல் போட்டுக்கொண்டே நின்றான்.

போன் நிரம்பிவிட்டது. புதிதாக வருகிற குரலுக்கு இடமில்லை என்று திரை சொன்னது. அந்தோனிதாசன் முதலில் அழித்தது ஸ்ரெபானியின் நற்கருணைப் படங்களை. ஒன்றைக்கூட வைக்கவில்லை. பிள்ளை போனை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு, டெனிஷில், "ஹ்வொர்ஃபோர், ஃபார்?" என்று கேட்டாள். ஏன் அப்பா என்று கேட்ட பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கி, அடுத்த அழைப்புக்காகச் சட்டைப் பையில் போட்டான்.

படங்கள் போயும் இடம் போதவில்லை. இனிக் குரல்களில்தான் கைவைக்க வேண்டும். அந்தக் கிழமைதான் தேவராசா கேக் பெட்டியோடு வந்தான். அண்ணை கடல்நீரேரியைத் தாண்டி வந்துவிட்டார், முகாமுக்குப் போகிற பஸ்சில் ஏறினதைக் கண்ட ஆள் சொன்னது என்று நின்ற நிலையில் கத்தினான். வேலை உடுப்போடு நின்ற அத்தனை பேருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தான்.

அன்று வேலை முடிந்து அந்தோனிதாசன் அல்பேட்டின் குரலை அழித்தான். தப்பி வந்த மற்றவர்களின் குரல்களையும்தான்.

பஸ்சில் ஏறினதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அல்பேட் இறங்கினதைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

இப்போது கட்டிலில், மூக்கில் குழாயோடு, பாதியாகக் கிடந்தான் அந்தோனிதாசன்.

"வந்திட்டியே. இரு."

"இருக்க வரேல்லை. அண்ணையின்ரை குரல் கிடக்கோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"இல்லை, தம்பி. நீயே பார்." தலையணைக்குக் கீழிருந்து மூலை உடைந்த அந்தப் பழைய போனை எடுத்துக் கொடுத்தான்.

தேவராசா பார்த்தான். பெயரும் ஊருமாக வரிசையாகக் கிடந்தன. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நானாட்டான் அல்பேட் என்று ஒன்றுமில்லை.  ஏமாற்றத்தை ஆத்திரமாக்கித்தான் வெளியே விட்டான்.

"இவ்வளவும் ஆரின்ரை குரல்?"

"கேக்க ஒருத்தரும் வராததுகள். சிலபேருக்கு இஞ்சை ஆக்களில்லை. சிலபேருக்கு எங்கையும் இல்லை. எல்லாம் செத்ததுகள்."

"செத்ததையெல்லாம் காவல் காத்துக்கொண்டு என்ர அண்ணையை அழிச்சிருக்கிறியள்!"

"நீதான் கேக் கொண்டு வந்தனி" என்றான் அந்தோனிதாசன். குரலில் கோபமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "உயிரோட இருக்கிறவன் திரும்பவும் கதைப்பான் எண்டு நினைச்சன். செத்ததுகள் கதைக்குமே?"

தேவராசா கதிரையை இழுத்து இருந்தான். அந்தக் கேக்கின் இனிப்பு இத்தனை வருசமும் அவன் வாயில்தான் கிடந்தது. அதை யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஸ்ரெபானிக்கு நாலு கதை கதைச்சு வைக்க வேணும்" என்றான் அந்தோனிதாசன். "பதியப் போனால் இடமில்லை எண்டுது. என்ர குரல் எண்டு இதிலை கிடக்கிறது ஓம், ஓம் எண்டதுதான்."

"என்ர போனிலை பதிவம். இப்பவே கதையுங்கோ."

"இதிலைதான் அவளின்ரை படத்தை அழிச்சனான். இதிலைதான் வேணும்."

"அப்ப கிடக்கிறதைக் கம்பியூட்டருக்கு மாத்துவம்."

"மாத்திப்போட்டு ஆர் வைச்சிருக்கிறது? அவளே? பாதித் தமிழ் விளங்கிற பிள்ளை. அவளின்ரை தலையிலை இதைக் கட்டேலாது."

"அப்ப நீங்களே அழியுங்கோவன், அண்ணை."

அண்ணை என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"ஒருக்காத் தெரிஞ்செடுத்து அழிச்சன். என்ன நடந்தது எண்டு கண்டனிதானே. இனி என்னாலை ஏலாது, நீதான் அழிச்சுத் தரவேணும்."

"அதுக்கு நானே கிடைச்சன்? ஊரெல்லாம் உங்களைத் திட்டித் திரிஞ்சவன்."

"அதுதான். மற்ற ஆக்கள் போனை வாங்கி ரெண்டு தட்டுத் தட்டி வெறுமையாக்கிக் குடுப்பினம். குரல் போனால் என்னெண்டு தெரிஞ்சவன் நீ."

 யன்னலுக்கு வெளியே மழை சாய்ந்து பெய்தது. ஸ்ரெபானி வேலை முடிந்து வருவதற்குள் இந்தக் காரியம் முடிய வேண்டும், கிழவனுக்குப் பேச மூச்சும் மிச்சமிருக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை என்று பட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்தான். நீக்கவா என்று போன் கேட்டது. கட்டைவிரலைக் கொண்டுபோனான்.

அந்தோனிதாசன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்குமென்று தேவராசா நினைக்கவில்லை.

"அப்பிடியில்லை. ஒவ்வொண்டாப் போடு. பேரைச் சொல்லுவினம், ஊரைச் சொல்லுவினம். அவை கதைக்கேக்கை நீ வாய் திறவாதை. முடியுமட்டும் கேட்டிட்டு, பிறகு அழி."