குளோரினைத் திருத்த வந்த டீச்சர்

அந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஆண்டாப் ஹில் பிள்ளையார் கோயிலின் பஜனை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: பள்ளி ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராக இருக்கும் அமுதா, அவளுக்குத் துணையாக வரும் மாமியார் பிச்சம்மாள், நான். நான்காவதாக வாசலில் வந்து நின்றவர் ஜெயந்தி டீச்சரின் தம்பி. முந்தாநாள் டீச்சர் தவறிவிட்டார், மூன்று நாள் காய்ச்சல்தான் என்றார். டீச்சருடைய போனில் எங்கள் வகுப்புக்காக அவர் வைத்திருந்த நினைவூட்டு மணி அடித்ததாம். எங்கள் நம்பர் எதுவென்று தெரியாமல் நேரில் வந்திருக்கிறார். பிச்சம்மாள், "ஏ பிள்ளையாரப்பா, முப்பத்தொம்பது வயசுதானய்யா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாட்டுங்கா கல்லூரியில் அவரோடு பணிபுரிந்த நீங்கள், நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். பத்தாவதைத் தனியாகப் படித்துத் தேறினேன். பன்னிரண்டாவது வேதியியலை அமுதாவுக்கும் எனக்கும் தமிழில் சொல்லிக் கொடுத்தவர் அவர். நாள், பாடம் எல்லாம் குறித்து வைப்பது என் வழக்கம். அதன்படி அறுபத்தொரு வகுப்புகள்.

ஒரு வகுப்பில், தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது சுவரில் பல்லி கத்தியது. திசை சரியில்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

"பல்லிகிட்ட கேட்டுட்டுத்தான் வடிவு பரீட்ச எழுதுவா போல" என்றாள் பிச்சம்மாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "வடிவக்கா, அது என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். எப்படி விழாம நிக்குதுன்னு நான் சொல்லுதேன்" என்றார். பல்லியின் காலில் பசை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி மயிர்நுனிகள். அவற்றின் மூலக்கூறுகளுக்கும் சுவரின் மூலக்கூறுகளுக்கும் நடுவே மிக மெல்லிய ஓர் ஈர்ப்பு. "தனித்தனியா பாத்தா ஒண்ணுமே இல்லக்கா. அம்புட்டும் சேந்தா ஒரு உசுரத் தாங்குது."

மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

தண்ணீர் கொதிக்கும்போது எது பிரிகிறது என்று ஒருமுறை கேட்டார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன என்று அமுதாவும் நானும் சேர்ந்தே சொன்னோம். "அப்படின்னா உங்க இட்லிச் சட்டி என்னைக்கோ வெடிச்சிருக்கும்" என்றார். தண்ணீர் மூலக்கூறு முழுசாகவே இருக்கிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலுள்ள பிடிதான் விடுகிறது என்று விளக்கினார். பிச்சம்மாளுக்கே அது புரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, முழங்கால்வரை நனைந்த சேலையோடு என் வீட்டு வாசலில் நின்றார். தாராவியில் அமுதா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாராம்.

"வடிவக்கா, சனிக்கிழம நான் சொன்னது ஏக்தம் தப்பு, அடியோட தப்பு. குளோரின் அணு பெரிசு. ஹைட்ரஜன் குளோரைடுல ஹைட்ரஜன் பிணைப்புன்னு எழுதக்கூடாது. நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், இந்த மூணோடதான்."

"போன்ல சொன்னா ஆகாதா டீச்சர்? இதுக்காவா நனைஞ்சு வந்திய?"

"போன்ல சொன்னா மனசுல திருத்துவிய. நோட்டுல திருத்துனத நான் பாக்கணும்."

நான் அந்த வரியை அடித்து மாற்றி எழுதும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகுதான் டீயை வாங்கிக்கொண்டார். "நான் சொன்னேன்னு எதையும் நம்பிராதிய. புஸ்தகத்தயும் பாருங்க" என்று சொல்லிப் போனார்.

சன்னதியில் அவர் பெயர் சொல்லித் தினமும் விளக்கேற்றுகிறேன். அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது, தப்பைத் தப்பென்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு. அதை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதையும் எழுதுகிறேன்.

மார்ச்சில் தேர்வு. தேறினால்தான் அமுதாவுக்கு அந்த ஆய்வகத்தில் நிரந்தர வேலை. இல்லையென்றால் ஜூனில் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். டீச்சர் நடத்தி முடித்த, கரைசல்கள் வரையுள்ள பாடங்களை நானே படித்து அவளுக்குச் சொல்லிவிடுவேன். மின்வேதியியலும் அதற்குப் பிந்திய மூன்று பாடங்களும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொல்லிக் கொடுத்து அவள் வேலையைக் கெடுக்கமாட்டேன்.

உங்களில் ஒருவர் சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு வர முடியுமா? மலர் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம். முடியாது என்றாலும் வருத்தமில்லை. இந்த வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.