எண்ணூர் கோரையில் ஒரு கானாங்கோழி

பறவை பார்க்கப் போகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மூன்று வருஷம் அவர்களோடு சுற்றியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஐம்பதுகளின் தொடக்கம். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பாய்லர்களுக்கு ரிவிட் அடிக்கும் வேலை எனக்கு. பகலெல்லாம் இரும்புச் சத்தம். சத்தமில்லாத இடத்தில் கொஞ்சம் நின்றால் போதும் என்றிருந்தது. அப்படித்தான் ஓய்வு பெற்ற ஒரு விலங்கியல் பேராசிரியரிடமும் அவருடைய வக்கீல் நண்பரிடமும் போய் ஒட்டிக்கொண்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எண்ணூர் நெட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் எங்களைப் படகில் கழிமுகம் தாண்டி அழைத்துப் போவார். கோரைச் சதுப்பில் முழங்கால் சேற்றில் நிற்போம். கானாங்கோழியில் ஒரு சின்ன ஜாதி இருக்கிறதாம். பகலில் கண்ணில் படாது, இருட்டில் மெல்லிசாகக் கூவுமாம். அதைக் கேட்கத்தான் இத்தனை பாடு.

பேராசிரியர் ஒரு சட்டம் வைத்திருந்தார். யாரும் பேசக் கூடாது. குரல் கேட்டவர் கையைத் தூக்க வேண்டும். மூன்று கையும் எழுந்தால்தான் நோட்டில் பதிவு. கோழி மிரளாமல் இருக்க டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். அவருடைய இருமலுக்கு அது மிரளாது போலிருக்கிறது. அவர் கை எழுந்ததும் வக்கீல் கை எழும். மனிதர் கோர்ட்டிலும் நீதிபதியின் முகத்தைப் பார்த்துத்தான் வாதாடியிருப்பார். கடைசியாக என் கை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைகூட அந்தக் குரல் என் காதில் விழுந்ததில்லை. கும்பலோடு கோவிந்தா போட்டேன். ரிவிட் அடிக்கிறவனுக்குக் காது போகும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் மெல்லிசான சத்தங்கள்தான் போகும் என்பார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. போய்விட்டதா இல்லையா என்ற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு மார்கழி இரவு. பேராசிரியர் கை எழுந்தது. வக்கீல் தூக்கினார், நானும் தூக்கினேன். பக்கத்தில் நின்ற மீனவர் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது? நீ கொசு அட்ச்சே. அதுக்கு இவங்க ரெண்டு பேரும் எதுக்குக் கை தூக்கிகினு நிக்கிறாங்க? ஒண்ணுமே கூவலியே!"

பேராசிரியர் எங்கள் கைகளைப் பார்த்தார். "நீ சும்மா இருப்பா" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்து எழுதினார். "தெளிவாகக் கேட்டது" என்றார் வக்கீல்.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. படித்த புளுகர்கள்! மூன்று வருஷமாக இவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கோழியாவது கூவலாவது, எல்லாம் சுத்தப் பொய். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. சேற்றில் நின்றபடி அந்த மீனவருக்கு ஒரு கும்பிடு போடலாமா என்றுகூட இருந்தது.

"இரு இரு, இப்பத்தான் கூவுது" என்றார் மீனவர்.

பேராசிரியரும் வக்கீலும் சட்டென்று ஒரே பக்கம் திரும்பினார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. வக்கீல் வாயைத் திறந்தபடி நின்றார். பேராசிரியரின் நோட்டு சேற்றில் விழுந்தது. அவர் குனியக்கூட இல்லை. அவர்கள் பார்த்த பக்கமே நானும் பார்த்தேன். கோரை இருந்தது, இருட்டு இருந்தது. வேறொன்றும் இல்லை.

மீனவர் என் தோளைத் தொட்டார். "கேக்குதா நைனா?"

"நல்லாக் கேக்குதே" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்ற இருவருக்கும் எட்டாதபடி என் காதோரம் குனிந்து சொன்னார்: "அது அப்பவே நின்னுபோச்சு நைனா."