நான்காம் வருடத்துக்காரி

போன வாரம் தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு கல்லூரியின் பிளக்ஸ், லாரி நீளத்துக்கு. கறுப்பு அங்கி போட்ட பெண்கள் தொப்பியை ஆகாயத்தில் எறிந்துவிட்டுச் சிரிக்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'சேர்ந்த மூன்றே ஆண்டில் பட்டம்! எங்கள் மாணவியர் ஒருவர்கூடத் தாமதித்ததில்லை!' கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெயில் ஒத்துக்கலையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பிளக்ஸைப் பார்த்து ஆத்திரம் வருகிறது என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

அவர் கையிலிருந்த கட்டைப்பையிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. உங்களுக்கு ஏலக்காய் என்றால் பாயசமோ டீயோ ஞாபகம் வரும். எனக்கு ஒரு வகுப்பறையின் மூன்றாவது பெஞ்சு ஞாபகம் வருகிறது. அங்கேதான் முத்துமாரி உட்காருவாள்.

அப்போது நான் அந்தக் கல்லூரியில் வணிகவியல் துறைக்குக் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். மாணவிகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள் என்பதால், பெரியவளாகத் தெரியட்டும் என்று தினமும் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போவேன். அப்படியும் வாட்ச்மேன் என்னிடம் அடையாள அட்டை கேட்பார்.

முத்துமாரிக்குக் கம்பத்துக்குப் பக்கம் ஒரு கிராமம். எல்லாப் பேப்பரும் எழுதிய முதல் தடவையே பாஸ். கையைப் பார்த்தால்தான் பகீரென்றிருக்கும், விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். அவள் அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது. சீசன் நேரம். ஆள் வராமல் விட்டால் அந்த இடத்துக்குக் கங்காணி வேறு ஆளைச் சேர்த்துவிடுவார், அப்புறம் அம்மா எழுந்து நடந்தாலும் ஜீப்பில் இடமிருக்காது. ஆகவே மகள் ஏறினாள். அந்தப் பருவம் முழுக்க அட்டெண்டன்ஸ் போய், பரீட்சை எழுத முடியாமல், அடுத்த ஜூனில் மூன்றாம் வருடத்தை முதலிலிருந்து படிக்க வந்து உட்கார்ந்தாள். அம்மா மறுபடி மலையேற ஆரம்பித்திருந்தார். ஒரு வருடம் பொறுத்தால் பட்டம். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கிளாஸில் புதுப்பிள்ளைகள் அவளை 'அக்கா' என்பார்கள். சனி, ஞாயிறு தோட்டத்துக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வரும்போது அந்த மணமும் கூடவே வரும். ஒருநாள் அடக்க விலையைத் தவறாகப் போட்டுவிட்டு நான் போர்டு முன்னால் விழித்தபோது, "மிஸ், கூலியச் சேக்காம விட்டுட்டீக" என்று மெல்லச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அந்த வருடம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. ஒரு மாணவி பட்டம் முடிக்கச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகிறது என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்விதான், நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் எங்கே தட்டுத்தடுமாறுகிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று தேட அது உதவும் என்றுகூட வெள்ளந்தியாக நினைத்தேன். எனக்குக் கம்ப்யூட்டரில் தட்டத் தெரியும் என்பதால் பிரின்சிபால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

"சார், பாதியில நின்னுபோன பிள்ளைகளுக்கு எத்தன வருசம்னு போட?" என்று கேட்டேன்.

"அதுக எங்கம்மா முடிச்சுச்சுக? முடிச்சவுகளுக்கு மட்டும் போடுங்க."

"அப்ப முத்துமாரிக்கு நாலு வருசம்னு வரும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளைக்கு டிசி குடுத்துருவோம். நாலு வருசத்துல முடிச்சா சராசரி மூணத் தாண்டிரும். நின்னுபோயிருச்சுன்னா கணக்குலயே வராது. இந்த வருசம் இது மாதிரி ஏழெட்டுப் பேர் இருக்காக, எல்லாருக்கும் அதான்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவே இல்லை. தாமதமாக முடிப்பது கல்லூரிக்கு அவமானம். முடிக்காமலே போவது அவமானமில்லை! சராசரியாம் சராசரி! ஒரு பெண் மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து படித்து முடிப்பதைவிட, படிக்காமல் அங்கேயே கிடப்பது இவர்கள் தாளுக்கு அழகாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கத்தினேன். உள்ளபடியே கத்தினேன், ஆபீஸ் ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். "அவ ஒரு பேப்பர்லயும் பெயிலாகலை சார். தோட்டத்துக்குப் போனதுக்கா தண்டனை?"

"மெதுவாப் பேசுங்கம்மா. ஒங்க ஆர்டர வருசாவருசம் புதுப்பிக்கணும், அத நெனவு வச்சுக்கங்க."

"புதுப்பிக்காட்டிப் போங்க" என்றேன். அந்தத் தாளை நான் தட்டவும் இல்லை. அடுத்த ஜூனில் சொன்னபடியே ஆர்டர் வரவில்லை. அது கிடக்கட்டும்.

நான் சத்தம் போட்ட கையோடு பிரின்சிபால் முத்துமாரியின் அம்மாவை வரவழைத்துவிட்டார். இந்த வருடமும் அட்டெண்டன்ஸ் குறைகிறது, பரீட்சை எழுதவிட மாட்டோம், மரியாதையாக டிசி வாங்கினால் நன்னடத்தை என்று எழுதித் தருகிறோம், தபாலில் படித்துக்கொள்ளட்டும் என்று பேசியிருக்கிறார். அட்டெண்டன்ஸ் குறைகிறது என்பது பச்சைப்பொய், பதிவேடு என் கையில்தான் இருந்தது. அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? இன்னும் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தவர், பெரியவர் சொல்கிறாரே என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கேட்டுக்குப் போகிற வழியில் முத்துமாரியைப் பிடித்து நிறுத்தினேன். கையில் டிசி.

"எங்கம்மா சம்மதிச்சிருச்சு மிஸ். இனி நான் மாட்டேன்னா அதத்தான் வைவாக" என்றாள். பிறகு, "வர்ற ஏப்ரல்ல முடிச்சிர்றேன்னுதான் சார்ட்ட சொன்னேன். அதான் வேணாம்ங்கிறாக. நான் முடிச்சா அவுகளுக்கு என்ன மிஸ் நட்டம்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? மறுபடி மலையேறிப் போனவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. தபாலில் சேர்வதென்றால் முதல் வருடத்திலிருந்து என்றார்களாம். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இன்னும் தோட்டத்துக்குத்தான் போகிறாள். என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால், "டிகிரி வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆய்வுக்குழு வந்து பாராட்டிவிட்டுப் போனது. சராசரி சரியாக மூன்று. மற்ற கல்லூரிகளும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

போன நவம்பரில் பரீட்சை மேற்பார்வைக்கு அதே கல்லூரிக்கு அனுப்பினார்கள், இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் நவம்பர் பரீட்சை என்றால், கல்யாணமாகிப் போன பிள்ளைகள் விட்டுப்போன பேப்பரை எழுத வருவார்கள். கழுத்தில் மஞ்சள் காயாதவளும் வருவாள், மாசமாக இருப்பவளும் வருவாள். வேப்பமரத்தடியில் மாமியாரோ புருஷனோ கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை வீறிட்டால் ஹாலுக்குள் ஒரு பேனா நிற்கும். நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். அவள் ஓடிப்போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து எழுதுவாள்.

"பழைய பிள்ளைக யாரும் எழுத வரலையா சார்?" என்று இந்தத் தடவை பரீட்சை சூப்பரின்டென்டென்ட்டிடம் கேட்டேன்.

"அப்பிடி யாருமே இப்ப இல்ல மேடம். எல்லாம் கரெக்டா மூணு வருசம்" என்றார் பெருமையாக.

மணி அடித்து வினாத்தாள் கொடுத்தோம். எல்லாம் இருபது வயது முகங்கள். மூன்று மணி நேரமும் வெளியே ஒரு பிள்ளை அழவில்லை.