அப்சிந்தில் அன்னாசிப்பூ வாசம்

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் நான் வேலை பார்க்கும் மசாலா கம்பெனியில் என் மேஜை மேல் எப்போதும் பதினைந்து, இருபது சின்னக் கிண்ணங்கள் இருக்கும். மூட்டையிலிருந்து எடுத்த மல்லி, சீரகம், மிளகாய், ஏலக்காய். ஒவ்வொன்றையும் முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பி, வாய் கொப்பளித்து, இது போகலாம், இது வேண்டாம் என்று எழுதுவதுதான் என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு மூட்டை சீரகம் கப்பலில் சோப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது என்பதை மெஷின் சொல்லாது, மூக்குதான் சொல்லும்.

அண்ணன் எனக்குப் பழக்கமானதும் இந்த வேலையால்தான். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி, கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் முன் ஆபீஸில் வந்து அனிஸ் விதை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பெண்ணுக்குப் புரியாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு கிண்ணம் சோம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு விதையைக் கடித்துப் பார்த்துவிட்டு, என் நெற்றிப் பொட்டையும் பார்த்துவிட்டு, தமிழிலேயே சொன்னார்.

"இது பெருஞ்சீரகம். எனக்கு வேணுமெண்டது இதின்ர தங்கச்சி. சின்னதா இருக்கும், இதைவிட இனிக்கும்."

எங்களிடம் அது இல்லை. எங்கே வாங்கலாம் என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டபோது அப்சிந்த் காய்ச்ச என்றார். எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்கும், குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதுதான். அதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். பைத்தியமெல்லாம் வெறும் கதை. நம் மரிக்கொழுந்துக்கு உறவுக்காரச் செடி ஒன்று இருக்கிறது, வேப்பிலை தோற்றுப்போகும் அளவுக்குக் கசப்பு. அதையும் அனிஸையும் பெருஞ்சீரகத்தையும் கடுமையான சாராயத்தில் ஊற வைத்துச் செப்புப் பானையில் வடிக்க வேண்டும். கசப்பில் பெரும்பங்கு பானையிலேயே தங்கிவிடும், வாசம் மேலே வரும். வடித்தது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதில் வேறு சில மூலிகைகளைப் போட்டு லேசாகச் சூடாக்கினால் இலையின் பச்சை இறங்கும். வேறு சாயம் எதுவும் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தபோது அவர் நாட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். முதலில் போய்ச் சேர்ந்தது சுவிட்சர்லாந்து. ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அந்த நாட்களில் அங்கே அப்சிந்துக்குத் தடை இருந்தும் வீட்டுக்கு வீடு காய்ச்சினார்களாம். ஹோட்டல் சமையல்காரர் ஒருநாள் காபிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கொடுத்திருக்கிறார். தெளிந்த திரவம் கண்முன்னே பாலாக மாறியது. படிப்பு நின்றுபோனபின் தனக்குக் கிடைத்த முதல் கெமிஸ்ட்ரி பாடம் அதுதான் என்றார். ஆக்லாந்துக்கு வந்து, பெயின்ட் கம்பெனி லேபில் இருபது வருஷம் வேலை செய்து, ஐம்பத்தைந்து வயதில் லைசென்ஸ் எடுத்து அந்த ஷெட்டில் பானையை வைத்தார்.

பழக்கமாகி ஒரு வருஷம் போனபின், தன் சரக்கைச் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் மது தொட்டதில்லை. விரதம், கொள்கை என்று ஒன்றுமில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"குடிக்கச் சொல்லேல்ல, தங்கச்சி. மணந்து, வாயில வைச்சு, துப்பிப்போட்டுச் சொல்லுங்கோ. மிளகாய்த்தூளுக்குச் செய்யிற மாதிரித்தான்."

வீட்டில் சொன்னபோது கணவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். துப்பினாலும் நீ வண்டி ஓட்ட வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. காபி குடிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வெங்காயம் தின்னக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். எனக்கு அது புதிதில்லை. ஷெட் ஆஸ்பத்திரி போலச் சுத்தமாக இருந்தது. செப்புப் பானை, கல்யாண வீட்டு சாம்பார் அண்டா அளவு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, வேலைக்குப் போகும் உடையிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேஜையில் மூன்று கண்ணாடிக் கோப்பைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண். பக்கத்தில் பனிக்கட்டி போட்ட தண்ணீர். கையால் கோடு போட்ட ஒரு தாளில் தமிழில் தலைப்புகள் எழுதியிருந்தார்: நிறம், கலங்கல், மணம், வாய், முடிவு. முடிவு என்றால் துப்பியபின் வாயில் நிற்பது.

முதல் கோப்பையின் பச்சை கொஞ்சம் பழுத்திருந்தது, காயத் தொடங்கிய இலை போல. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். ஒவ்வொரு சொட்டும் விழும்போது உள்ளே ஒரு வெள்ளை நூல் இறங்கிச் சுருண்டு மறைந்தது. பிறகு அடியிலிருந்து மேகம் எழும்பி, மேலே ஒரு மெல்லிய பச்சைக் கோடு மட்டும் கடைசி வரை நின்றது. மணத்தில் முதலில் இனிப்பு வந்தது. அதன் பின்னால், மழை விட்ட மலையில் செடிகளுக்குள் நடக்கிற மாதிரி ஒரு குளிர்ச்சி. வாயில் வைத்தேன். கசப்பு கடைசியில்தான் வந்தது, அதுவும் மெதுவாக. துப்பினேன், எழுதினேன். இரண்டாவது இதற்கு உறவுக்காரன்தான், கொஞ்சம் முரடு.

மூன்றாவது கோப்பையில் பத்துச் சொட்டு விழுவதற்குள் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. குளிக்கிற வாளியில் கிருமிநாசினி ஊற்றினால் ஆகுமே, அப்படி. பார்க்கிறவர்களுக்கு அதுதான் அழகாகத் தெரிந்திருக்கும். நான் மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் பிரியாணி மசாலா அரைக்கிற நாளில் என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும் வாசம் அது. மறுபடி முகர்ந்தேன். வாயில் வைத்தேன். நாக்கு மரத்துப்போகிற மாதிரி ஒரு கனத்த இனிப்பு. அதற்கடியில் மலையும் இல்லை, செடியும் இல்லை.

தாளில் எழுதிவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அண்ணா, இதுல அனிஸ் மட்டும் இல்ல. அன்னாசிப்பூ போட்டிருக்கு."

அண்ணன் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதேங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்ல" என்றார் அக்கா.

பக்கத்துப் பட்டறையில் ஏதோ ஒரு மெஷின் ஓடி நின்றது. பிறகு அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முதல் கோப்பை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே வந்தது. இரண்டாவது அவர் போன வருஷம் வடித்தது. மூன்றாவது நகரத்தில் ஒரு பெரிய ரெஸ்டாரன்ட் முதல் தடவையாகக் கேட்டிருந்த சரக்கு, அடுத்த வாரம் போக வேண்டியது. அனிஸ் மூட்டை துறைமுகச் சோதனையில் மாட்டிக்கொண்டது. கையில் இருந்தது போதவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு அன்னாசிப்பூ போட்டு வடித்துவிட்டார். அப்படிச் செய்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். ஆனால் பழைய முறையில் செய்தது என்று மேலே ஒட்டும் சீட்டில் எழுதிவிட்டு அப்படிச் செய்யக் கூடாது.

"நீங்கள் கண்டுபிடிக்க மாட்டியள், கண்டுபிடிக்காட்டி அனுப்பிப்போடுவம் எண்டு இருந்தனான்" என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர் முடிவு செய்ய வேண்டியதை என் நாக்கில் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே என்று. அவர் போனை எடுத்தபோது கோபம் போய்விட்டது. எங்கள் முன்னாலேயே ரெஸ்டாரன்ட்டைக் கூப்பிட்டு, சரக்கு சரியாக வரவில்லை, தப்பு என்னுடையது, இப்போது அனுப்ப முடியாது என்றார். காரணத்தையும் மறைக்கவில்லை. அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். "ஐ அண்டர்ஸ்டான்ட்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அக்கா எழுந்து அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு ட்யூட்டிக்குக் கிளம்பினார்.

நியூ லின்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். நீ சும்மா இருந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை, கேட்பாரோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன். ஒருவருடைய பெரிய வாய்ப்பு ஒரு வாக்கியத்தில் போய்விட்டது என்று வாரம் முழுக்க உறுத்தியது. பிறகுதான் யோசித்தேன். ஆக்லாந்தில் அப்சிந்தைப் பாராட்டக் கூடியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அன்னாசிப்பூவைத் தினமும் முகர்கிறவளை அவர் கூப்பிட்டிருந்தார். அனுப்பிவிடலாம் என்று நினைத்த அதே ஆள், மாட்டிக்கொள்வதற்கான வழியையும் தானே திறந்து வைத்திருக்கிறார். அது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

மூட்டை வந்து, மறுபடி வடித்து, மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். இந்தத் தடவை ரயிலிலேயே போனோம், கணவர் தானும் ருசிக்க வேண்டும் என்றார். ஒரே ஒரு கோப்பைதான் வைத்திருந்தார். பச்சை அவ்வளவு தெளிவு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் இருந்த சுவர்க் கடிகாரம் தெரிந்தது. தண்ணீர் விழ விழ, அவசரமே இல்லாமல் கலங்கியது. வெள்ளைக்குள் ஒரு நீலச் சாயல். மணத்தில் அனிஸ், பெருஞ்சீரகம், அந்தக் கசப்புச் செடி மூன்றும் ஒன்றை ஒன்று மறைக்காமல் வந்தன. நல்ல வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினாலும் மூன்றும் காதில் விழுமே, அந்த மாதிரி. வாயில் பட்டுப் போல இருந்தது. இத்தனை வருஷ வேலையில் துப்ப வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். ஆனாலும் துப்பினேன், அப்போதுதான் முடிவு சரியாகத் தெரியும்.

முடிவில் ஒரு சின்ன வாசம் இருந்தது. காய்ந்த வைக்கோல் மாதிரி. எழுதுவதா என்று இந்த முறை யோசிக்கவில்லை, எழுதினேன். மற்ற நான்கு வரியில் நான் கொட்டியிருந்த பாராட்டை அவர் படித்த மாதிரியே தெரியவில்லை. அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். பச்சைக்காக மூலிகை போட்டுச் சூடாக்கும்போது சூடு கூடிவிட்டது என்று தானே கண்டுபிடித்து நோட்டில் குறித்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கணவர் அரைக் கோப்பை குடித்துவிட்டு, ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் தருவார்களே, அந்தச் சோம்பு மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு மானம் போயிற்று. அண்ணன் "ஓம், ஓம், அதுதான்" என்று அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அந்த ரெஸ்டாரன்ட்காரர்கள் ஒரு மாதம் கழித்து அவர்களாகவே ஷெட்டுக்கு வந்தார்களாம். சரக்கு சரியில்லை என்று தானே போன் செய்து சொன்னவரை நேரில் பார்க்கத்தான் வந்தோம் என்றார்களாம். ருசித்துவிட்டு ஆறு போத்தல் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வடிப்பில் வைக்கோல் இல்லை. இப்போது ஒவ்வொரு வடிப்புக்கும் அண்ணன் தாளில் கோடு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். நான் தலைக்கு எண்ணெய் வைக்காமல் போகிறேன்.