அந்தோணி சொன்ன ஒரு பொய்

செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசித் திரையில் அந்தோணிசாமியின் பெயர் ஒளிர்ந்தது. "சொல்லுங்க அந்தோணி" என்றேன். பேசியவர் அவருடைய மனைவி. "அவரு இல்லீங்க சார். விடியக்காலம் நெஞ்சுவலி வந்து போயிட்டாரு" என்றார்.

நண்பர்களே, விழுப்புரத்தில் நாங்கள் ஒரே மேசையின் இரு பக்கங்களில் பதினோரு ஆண்டுகள் கணினி பழுதுபார்த்தோம். நான் பட்டயப் படிப்பு முடித்தவன். அவர் முகையூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். எந்தப் பழுதுக்கு எந்த நடைமுறை என்று சுவரில் ஒட்டிவைத்தவன் நான். திருகாணியைத் தொடும் முன் வாடிக்கையாளரிடம் கால்மணி நேரம் பேசுவது அவர் வழக்கம். கடிந்துகொண்டால், "மிஷினு எங்க சார் பேசப்போவுது? தூக்கிக்கினு வந்தவங்கதான் பேசுவாங்க" என்பார். டெக்னீஷியன் ஆவதற்கு நான் எழுதிய எந்தத் தேர்விலும் அது இல்லை.

அவர் திண்டிவனத்துக்கு வேலையாகப் போயிருந்த ஒரு நாள், கோட்டக்குப்பத்துப் பெண்மணி ஒருவர் விண்டோஸ் திறக்காத கணினியைக் கொண்டுவந்தார். தகவல் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையொப்பம் வாங்கினேன். டி டிரைவைத் தொடாமல், சி டிரைவை ஃபார்மேட் செய்து, அதாவது முழுதும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். எல்லாம் விதிப்படி. ஆனால் நம் பக்கத்து வீடுகளில் எதையும் டெஸ்க்டாப்பிலேயே சேமிப்பார்கள். அது இருப்பதோ சி டிரைவில். துபாயில் இறந்த கணவர் அனுப்பியிருந்த குரல் பதிவுகள் அங்கேதான் இருந்தன. மறுநாள் அந்தப் பெண்மணி வெற்றுத் திரையை விரலால் தடவி, "இங்கதானே இருந்தாரு" என்றார்.

நான் படிவத்தைத் தேடினேன். அதற்குள், திண்டிவனத்திலிருந்து திரும்பியிருந்த அந்தோணி எழுந்து, "நான்தாம்மா அவசரப்பட்டு அழிச்சிட்டேன். ஒரு வாரம் குடுங்க" என்றார். ஆறு நாள் போராடி, ஒரே பதிவின் பதினான்கு நொடிகளை மீட்டார். "சாப்டியா? புள்ளைங்க தூங்கிட்டாங்களா?" அந்தப் பெண்மணி நின்றபடியே அதை மூன்று முறை கேட்டார். என் வீட்டில் யாரேனும் சாப்பிட்டாயா என்று கேட்டால், இன்றும் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

அதன்பின் தொழில் நண்பர்களாகிய நீங்கள் அனைவரும் அவரை 'ஃபார்மேட் அந்தோணி' என்றே அழைத்தீர்கள். "பேரு நல்லாத்தான் கீது, வுடுங்க சார்" என்று சிரித்தார். ஏன் பழியை உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று அவரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன்.

"நீங்க படிவத்த நீட்டியிருப்பீங்க சார். அந்தம்மா அதப் படிச்சிக்கினு வூட்டுக்குப் போவணுமா?"

அழித்தவன் நான். அவர் உயிரோடிருக்கையில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கோட்டக்குப்பத்துக்கும் போய்ச் சொல்வேன். அந்தோணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஆறு நாள்களை: மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் குனிந்திருந்தார், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.